கிளி கடித்த கொய்யா

"ஆணியிலேர்ந்து எறக்கு மாமா, மொதல்ல அந்தக் கூண்ட எறக்கு..." "எறக்க மாட்டேன்டி, மல ஏறிப் போயி வாங்கியாந்துகிறேன்..." "பாரஸ்ட்டுக்காரன் பாத்தா புடிச்சி உள்ள வெப்பான், பச்சக்கிளி வளக்கக் கூடாதாம்..." "எவன் பாக்கறான், நீ தெருத்தெருவா போய் சொல்லாம இருந்தா சரி..." "நாளைக்கு கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போவலாம்னு சொன்னேனே, அதுக்கு பதிலு இதுவா?" "ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி! எம்பொண்ணுக்கு இன்னாடி கொறச்சலு?"

இரண்டு குரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏற, கூண்டுக்குள் இருந்த இரண்டும் அதற்கும் மேலே ஏறிக் கத்த, தகரக் கூரை அதிர்ந்ததில் நிர்மலாதான் முதலில் வாயை மூடிக்கொண்டாள். வாய்தான் மூடியது. மனசுக்குள்ளே புருஷன் ராஜேஷ்குமார் இன்னும் கத்திக்கொண்டிருந்தான், அவளும் விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்... இன்னா கொறச்சலு என்றால் என்ன சொல்வது, மூன்று வயது முடிந்தும் ஒரு அம்மா இல்லை, ஒரு அப்பா இல்லை, பசித்தால் கையைப் பிடித்து இழுத்துப்போய்ச் சோற்றுக் குண்டானைக் காட்டுகிறது, இது கொறச்சல் இல்லையா என்றால், எங்க வூட்ல எல்லாருமே லேட்டாதான் பேசுனாங்க என்பான், நானே நாலு வயசுல பேசுனேன் என்பான், பேசுவதெல்லாம் இப்போது சேர்த்து வைத்துப் பேசுகிறாயே என்று அவள் சொல்லாமல் விழுங்குவாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கொய்யா பறிச்சினு வரேன், கிளி கடிக்கட்டும், கடிச்சத புள்ளைக்குக் குடு, அப்புறம் பாரு வூடு கொள்ளாம பேசும்" என்று வெளியே போனான். சுபஸ்ரீ கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சோடா மூடிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை சண்டைக்கும் ஒரு அழுகை கிடையாது. சாமிப் புள்ள என்று தெருவே சொல்லும். நிர்மலாவுக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது... இருந்தது, இப்போது அதை நினைத்தால் ஏன் பயமாக இருக்கிறது?

கிளி கடித்த பழம் தின்றால் பேச்சு வரும். யார்தான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுச் செந்தமிழ்ச்செல்வி அக்கா சொன்னாள், நாத்து நடும்போது வரப்பில் வந்து நின்றவள் சொன்னாள், வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவியாயிற்று, அது பலிக்கவில்லை, அடுத்தது இதுதான். முதலாளி லாரியில் மரவள்ளி லோடு ஏற்றக் கல்வராயன் மலைக்குப் போகிறவன், அங்கே செல்லன் என்பவரிடம் சொல்லிவைத்து மரப்பொந்திலிருந்து எடுத்து வளர்த்த ஜோடியை வாங்கி வந்திருக்கிறான், சிறகு கத்தரித்த ஜோடி. ஒன்று போதாதா என்று கேட்டானாம். ஒத்தையா வெச்சா ஊமையாப் பூடும் தம்பி, தொணைக்கு ஒண்ணு இருந்தாதான் சத்தம் போடும், அதான் ஜோடியா எடுத்துனு போ என்றாராம். வந்ததும் வராததுமாக அந்த ஒரு சொல்லை இவள் காதில் போட்டுவிட்டு அவன் பாட்டுக்கு ஆணி தேடப் போய்விட்டான்... ஊமை. இந்த வீட்டுக்குள் இதுவரை யாரும் சொல்லாத சொல், கிளிக்காகச் சொல்லப்பட்டு உள்ளே வந்துவிட்டது. ஏம்மா கிளி, உங்கம்மா உன்னைத் தேடமாட்டாளா, பொந்தில் வந்து பார்த்து என்ன கத்து கத்தியிருப்பாள். உன் பேச்சைப் பிடுங்கி என் பிள்ளைக்குக் கொடுக்கப் பார்க்கிறார்களே, கொடுப்பாயா? கொடு. பாவம் எனக்கு வரட்டும், நீ கொடு.

அங்கன்வாடி டீச்சர் கேட்டது இரண்டு வாரமாக நெஞ்சில் நிற்கிறது. "பின்னாடி நின்னு பேரச் சொன்னா திரும்பறாளா?" திரும்பறாளே டீச்சர் என்று பட்டென்று சொன்னாள். காதைப் பார்த்துவிடுங்கள் என்றாள் டீச்சர், பெரியாஸ்பத்திரியில் மிஷின் வைத்துப் பார்க்கிறார்களாம். அதைச் சொன்னதற்குத்தான் அவன் குதித்தான், காது கேக்காதா? எங்க மொதலாளி லாரி தெருமொனையில திரும்பறப்பவே வாசல்ல வந்து நிக்குதே, அதுக்குக் காது கேக்காதா? கோயில்ல பம்ப அடிச்சா எந்தப் புள்ளடி இந்த மாதிரி ஆடுது? சரிதானே, ஆடினாளே. மற்றப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு அம்மா முந்தானைக்குள் ஒளிய, இவள் ஒருத்தி பம்பைக்காரர் பக்கத்தில் போய், மேளத்தோலில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சிரித்தாளே, கையை எடுக்கவே இல்லையே...

கூண்டுக்குக் கீழே எங்கிருந்தோ ஒரு பூனை வந்தது. இரண்டு கிளியும் சேர்ந்து வீரிட்டன, இரும்பை இரும்பில் இழுத்த மாதிரி, நிர்மலா கையிலிருந்த முறம் நழுவியது, எதிர் வீட்டு ஆடு கட்டை அறுத்துக்கொண்டு எழுந்தது, "இன்னாடி அங்க, கொலையா?" என்று செந்தமிழ்ச்செல்வி அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள். சுபஸ்ரீ ஐந்தாவது மூடியை நான்காவதின்மேல் வைத்தாள். வைத்துவிட்டுச் சாய்கிறதா என்று பார்த்தாள். விளையாட்டுக் கவனம், வேறொன்றுமில்லை, பிள்ளைகள் அப்படித்தான்... பூனையை விரட்டிவிட்டு நிர்மலா நின்றாள். நின்றவள் பார்த்துக்கொண்டேயிருக்கும்போது பிள்ளை மூடியை விட்டுவிட்டு உள்ளங்கையைத் தரையில் பதித்தாள். தலையைச் சாய்த்தாள். எழுந்து வாசலுக்கு ஓடினாள். அதற்குப் பிறகுதான் நிர்மலாவுக்குக் கேட்டது, மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர், தெருமுனையில்.

தனக்கு முன்னால் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு கூர்மையான காதா? அப்படியென்றால் கிளி கத்தியது ஏன் கேட்கவில்லை? கை... ஏன் கையை வைத்தாள்? பம்பையிலும் கையைத்தான் வைத்தாள். நான் கூப்பிட்டால் திரும்புகிறாளே, எப்படிக் கூப்பிடுகிறேன், ஏய் சுபா என்று தொம்தொம்மென்று மிதித்துக்கொண்டு அல்லவா போகிறேன். தரையில் படாமல் தூளியில் கிடக்கும்போது என்றைக்காவது லாரிக்கு எழுந்திருக்கிறாளா... ஒருநாள்? ஒரே ஒருநாள்? அவன் வந்து தூளித் துணியை விலக்கி முகத்தைக் காட்டினால்தானே சிரிக்கிறாள்.

ராஜேஷ்குமார் மடி நிறையக் கொய்யாவோடு வந்தான். கோபமெல்லாம் போயிருந்தது, புதுப் பொம்மை கிடைத்தவன் மாதிரி இருந்தான். ஒன்றைக் கம்பி வழியாக நீட்டினான், பெரிய கிளி தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கொத்தியது. "கடிச்சிருச்சி! கடிச்சிருச்சி பாரு!" கடித்த பழத்தைப் பறித்து மகளை மடியில் இருத்தி வாயில் வைத்தான். "அப்பா. சொல்லும்மா. அப்... பா." பிள்ளை அவன் உதட்டையே பார்த்தாள். அவன் மூடியபோது மூடினாள், திறந்தபோது திறந்தாள். சத்தம் வரவில்லை. "பாத்தியா, வாய் வந்துருச்சி! சத்தந்தான் பாக்கி!" என்று அவன் சிரித்த சிரிப்பில், எங்கே ஓடுவது என்று நிர்மலாவுக்குத் தெரியவில்லை. சொல்லிவிடலாமா? சொன்னால் நம்புவானா, இவனே கண்டுபிடித்தால்தான் நாளைக்கு பஸ் ஏறுவான். தப்பாகவும் இருக்கலாமே. தாயே, தப்பாகவே இருக்கட்டும்.

பிள்ளையைத் தூக்கித் தூளியில் போட்டாள். துணியை இழுத்து மூடினாள்.

"கூப்பிடு மாமா."

"தூங்கற நேரமாடி இது?"

"தூங்கல, முழிச்சிக்கினுதான் இருக்கா. துணியத் தொடாத. மிதிச்சி நடக்காத. நின்ன எடத்துலயே நின்னு கூப்பிடு."

"இன்னாடி வெளாட்டு இது?" என்றவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான். உரக்கக் கூப்பிட்டான். கிளிகள் பயந்து கம்பியில் ஒதுங்கின. தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பாதம் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டான். ஒரு கையில் கடித்த கொய்யா, மறுகை தூளியை நோக்கி நீண்டது, நீண்டு பாதியில் நின்றது. அவன் நிர்மலாவைப் பார்க்கவில்லை. பாதத்தையே பார்த்தான். குரல் இறங்கிவிட்டது.

"சுபா... எம்மா சுபா... அப்பா இங்கதான் நிக்கிறேன் பாரு."