வெருளியின் கண்

பிரேமினி செய்த வெருளி பன்றிகளை விரட்டவில்லை, மனிதரைத்தான் விரட்டியது.

முருங்கனில் அவளுக்கு ஒரு சின்னக் கடை. கைபேசி, சூரிய விளக்கு எல்லாம் திருத்துவாள். ஊர் விவசாயி கதிர்காமுவின் வயலைப் பன்றிகள் கிண்டி நாசம் செய்வதாகக் கேள்விப்பட்டதும், சூரிய மின்கலத்தில் இயங்கும் ஆளுயர வெருளிப் பொம்மை ஒன்றைச் செய்து வரம்பில் நட்டாள். எதிரே ஏதாவது அசைந்தால் அதன் நெஞ்சில் பதித்த கண்ணாடிக் கண் கண்டுகொள்ளும், தலை திரும்பும், "ஆரது?" என்று அடித்தொண்டையில் கேட்கும். மறுநாள் விடியப்புறம் தண்ணீர் கட்டப் போன கதிர்காமு அந்தக் குரலில் மிரண்டு விழுந்து கையை முறித்துக்கொண்டார். "இந்தச் சனியனைக் கொண்டு போ" என்று ஊர் கத்தியது. பிரேமினி வயரைப் பிடுங்கி, குளக்கட்டுக்குப் பின்னால் கூரை சரிந்து கிடந்த நெற்களஞ்சியத்தில் அதை எறிந்துவிட்டு வந்தாள். கதிர்காமுவைப் பார்க்கப் போகவும் முகமில்லை.

மழை விட்ட பிறகு ஒருநாள், விறகு ஏற்றும் அப்துல் றசாக் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, களஞ்சியத்துக்குள்ள உம்மட ஆள் இன்னும் கதைக்கிறான். என்ர காதால கேட்டனான்."

வயரைப் பிடுங்கியது அவளுடைய கைதான். பிறகு எப்படிக் கதைக்கும்? யோசித்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல் அன்று பின்னேரமே ஸ்கூட்டியில் கிளம்பினாள்.

களஞ்சியத்துக்குள் கால் வைத்ததும் மூலையில் தலை மெல்லத் திரும்பியது.

"ஆரது?"

தன்னை அறியாமலே, "நான்தான்" என்றாள். பிறகுதான் கவனித்தாள். எறிந்துவிட்டுப் போன வெருளி சுவரில் சாய்ந்து நின்றது. வெடித்த முகத்தைச் சுற்றி ஒரு பழைய சேலைத் துண்டு. பிடுங்கிய வயர் மறுபடி முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

"அதை நான்தான் கட்டினனான்." வாசலில் கதிர்காமுவின் மனைவி மங்கையற்கரசி, ஆட்டுக்குட்டியோடு. "ஆடு தேடி வந்தனான் பிள்ளை. குப்புறக் கிடந்தது, பாவமாக் கிடந்துது."

"உங்கட மனுசன்ர கையை முறிச்சதெல்லோ அக்கா?"

"அதுக்கு என்ன தெரியும்? நீ சொல்லிக்குடுத்ததைத்தானே சொல்லுது. எறிஞ்சுபோட்டுப் போறதுக்கோ செய்தனீ?"

பிரேமினி வெருளியை அணைத்துத் தூக்கினாள். அதை ஸ்கூட்டியின் பின்னால் வைத்துக் கட்டினாள். ஆனால் நேரே கடைக்குப் போகவில்லை; மங்கையற்கரசியோடு அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

கதிர்காமு முற்றத்துக் கதிரையில் இருந்தார். கட்டு அவிழ்த்த கை இன்னும் நிமிரவில்லை. வெருளியைக் கண்டதும் எழும்பிவிட்டார்.

"திரும்பக் கொண்டந்து வைக்கப்போறியோ?"

"இல்லை அண்ணை. இனி இது என்னோடதான் இருக்கும். உங்கட கையைப் பாக்க வந்தனான். அப்பவே வந்திருக்கவேணும்."

அவர் கையை நீட்டினார். அவள் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவர் வெருளியைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"ஒண்டு கேக்கட்டோ பிள்ளை? அண்டைக்குப் பண்டி என்ர கண்ணுக்கு முன்னாலதான் வயலுக்குள்ள நிண்டது. அதை இது ஒண்டும் கேக்கேல்லை. என்னை மட்டும் ஏன் கேட்டது?"

பிரேமினி வெருளியின் கண்ணைப் பார்த்தாள். அதைப் பொருத்தும்போது அவள் நிமிர்ந்து நின்றிருந்தாள். கண் அவள் நெஞ்சு உயரத்தில் நேரே பார்த்தபடி இருந்தது.

மெல்லக் குந்தி, பன்றியின் முதுகு வரும் உயரத்தில் கையை வைத்துக் காட்டினாள்.

"இஞ்ச வைச்சிருக்கவேணும் அண்ணை."

கதிர்காமுவும் முனகியபடி அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.