விரிப்பில் இருந்த மஞ்சள் கறை

அன்று காலை எங்கள் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி, என் மருமகள், அவளுடைய தகப்பனாரான என் சம்பந்தி, கீழ்க்கடைத் தையற்காரர். மகன் வேலையாக வெளியூர் போயிருந்தான். ஆகவே நடந்ததைச் சொல்லும் உரிமை எங்கள் ஐந்து பேருக்கு மட்டும்தான் உண்டு.

விவகாரம் போன வருடத்து விருந்தில் ஆரம்பித்தது. சம்பந்தி வாங்கித் தந்த அலமாரியின் கதவு சரியாகச் சாத்த வரவில்லை என்று சாப்பாட்டின் நடுவே சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். மறு நிமிடம் அவர் பக்கத்தில் இருந்த குழம்புக் கிண்ணம் என் பக்கமாகக் கவிழ்ந்தது. முழங்கை பட்டுவிட்டது என்றார். முழங்கை பட்டுக் கவிழ்ந்த குழம்பு அங்கேயே வட்டமாகத் தேங்கும். இதுவோ மேசை விரிப்பின் குறுக்கே ஈட்டி மாதிரி நீண்டு என் நாற்காலிவரை வந்திருந்தது.

என் மனைவி விரிப்பை சோப்புப் போட்டுக் கசக்கிப் பார்த்தாள். எண்ணெய் போயிற்று, மஞ்சள் போகவில்லை. போகாததில் எனக்குத் திருப்திதான். மடித்து அலமாரியின் மேல்தட்டில் வைக்கச் சொன்னேன். அவர் தப்பை ஒப்புக்கொள்ளும்வரை அந்த வீட்டு வாசற்படியை நம் வீட்டார் யாரும் மிதிக்கக் கூடாது என்றும் சொன்னேன். மருமகளுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

இப்போது அவளுடைய அம்மாவுக்குக் கண்ணில் ஆபரேஷன். கூட இருந்து சொட்டு மருந்து விட ஆள் வேண்டும். மருமகள் என்னிடம் கேட்கவில்லை. தையற்காரரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சம்பந்தியைக் கையோடு அழைத்து வந்துவிட்டார்.

"பெரியவங்க ரெண்டு பேரும் பேசித் தீர்த்துக்கலாமே சார்."

"பேச என்ன இருக்கு? ஈட்டி மாதிரி நீண்ட கறை சாட்சிக்கு இருக்கு," என்றேன். மனைவி விரிப்பை எடுத்து வந்தாள். எல்லோர் முன்னிலையிலும் நானே உதறி மேசைமேல் விரித்தேன்.

வெள்ளை. திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் வெள்ளை.

"எங்கே சம்பந்தி உங்க ஈட்டி? யார் முதுகுலயாவது குத்திட்டு நிக்குதா?" என்றார் சம்பந்தி.

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். தையற்காரர் கடையில் வெள்ளைத் துணி சுருள் சுருளாகக் கிடக்கிறது. மாற்றி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழுப்புத் தடம் அப்படியே இருந்தது. அதே விரிப்புதான். அப்படியானால் ப்ளீச்சா? முகர்ந்து பார்த்தேன். நெடி இல்லை. ஓரத்துச் சிவப்பு நூலும் வெளுக்கவில்லை. காய்ந்த துணியின் மொடமொடப்பு மட்டும் இருந்தது.

"யார் இதுல கை வச்சது?"

"நான்தான் மாமா," என்றாள் மருமகள். "மழைக்கப்புறம் அலமாரி பூரா ஒரே பூஞ்சை வாடை. கதவுதான் சாத்தாதே, ஈரக்காத்து உள்ள போயிடுது. கம்பளி, தலையணை, காய் நறுக்குற பலகைன்னு எல்லாத்தையும் மாடியில வெயிலுக்குப் போட்டேன். அதோட இதையும் போட்டேன்."

கதவு சாத்தாது என்று அவள் சொன்னபோது நான் சம்பந்தியைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"வெயில் கறையைத் தின்னுச்சுன்னு என்னை நம்பச் சொல்றியா?"

"கறை போனா சந்தோஷப்படுற வீடுதான் ஊர்ல உண்டு," என்றாள் என் மனைவி. "இங்கதான் துக்கம் விசாரிக்கணும் போல."

சோதித்துப் பார்த்துவிடலாம் என்றேன். தையற்காரர் ஒரு வெள்ளைத் துண்டு வெட்டிக் கொண்டுவந்தார். மனைவி எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து அதில் தேய்த்து, ஊறவிட்டு, சோப்புப் போட்டு அலசினாள். கறை நின்றது. மாடிக் கொடியில் மாட்டினோம். காவலுக்கு நான் இருப்பதாகச் சொன்னேன்.

"நீங்க தனியா இருந்தா நிழல் பக்கம் நகர்த்திடுவீங்க," என்றார் சம்பந்தி.

"நீங்க தனியா இருந்தா வேற துண்டு மாட்டிடுவீங்க."

ஆகவே இரண்டு நாற்காலிகள் மாடிக்கு வந்தன. தையற்காரர் கடைக்குப் போய்விட்டார். மருமகள் அன்றைக்கும் கம்பளியையும் தலையணைகளையும் காயப்போட்டிருந்தாள். நடுவே துண்டு தொங்கிற்று. அவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் நானும் எழுந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தத் தலையணையைத் திருப்பணும். அடியில ஈரம் இருக்கும்," என்றார்.

"எங்க வீட்டுத் தலையணையைத் திருப்ப எங்களுக்குத் தெரியும்."

அவர் எழுந்து திருப்பினார். எல்லாவற்றையும் அவரே திருப்பினார் என்று நாளைக்குப் பேச்சு வரக் கூடாதே என்று, அடுத்ததை நான் திருப்பினேன்.

மருமகள் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து துண்டின்மேல் தெளித்தாள்.

"தண்ணி எதுக்கு?"

"ஈரமா இருந்தாத்தான் மாமா மஞ்சள் சீக்கிரம் போகும்." சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பூஞ்சை வாடைக்காகத் துணி உலர்த்துகிறவளுக்கு இந்த விவரம் எதற்கு?

"அன்னைக்கு இந்த விரிப்பை மட்டும் நனைச்சுப் போட்டியா?" என்று கேட்டேன்.

அவள் தலை குனியவில்லை. "அம்மாவுக்கு வியாழக்கிழமை ஆபரேஷன் மாமா," என்றாள்.

நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. பதில் இல்லை என்றும் சொல்ல முடியாது. சம்பந்தியைத் திரும்பிப் பார்த்தேன். விரிப்பை நனைத்துப் போட்டது அவருக்கும் புதுச் செய்தி என்று முகத்திலேயே தெரிந்தது. அவர் சொல்லிக் கொடுத்துச் செய்தாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்தச் சந்தேகத்தை மட்டும் கைவிட்டேன்.

கைப்பிடிச் சுவரின் நிழல் தரையில் நீண்டபோது துண்டைக் கழற்றி உள்ளங்கையில் விரித்தேன். மஞ்சள் இருந்த இடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

சாட்சி இல்லாமல் ஒருவர்மேல் குற்றம் சுமத்துவது எங்கள் குடும்பத்தில் இல்லை. மருமகளைக் கூப்பிட்டேன்.

"துணிமணி எடுத்து வச்சுக்கோ. அப்பாவோட கிளம்பு. கண்ணு தெளியிறவரைக்கும் அம்மாகூட இரு."

அவள் செம்பை அங்கேயே போட்டுவிட்டுப் படியிறங்கினாள். சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அலமாரிக் கதவுக்கு ஆளை அனுப்பறேன்," என்றார். நான் கேட்டது கதவைப் பற்றி அல்ல, கிண்ணத்தைப் பற்றி. இருந்தாலும் சரி என்றேன்.

இரண்டு சம்பந்திகளும் மாடியில் கட்டிப்பிடித்து அழுததாகத் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். யாரும் அழவில்லை, யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. மாடியில் காய்ந்தது இரட்டைக் கட்டில் கம்பளி. அதை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் இரண்டு முனையைப் பிடித்தார், நான் இரண்டு முனையைப் பிடித்தேன். முனைகள் சேர வேண்டுமானால் ஆட்கள் கிட்டத்தில் வந்துதான் ஆக வேண்டும்.