இருபது ரூபாய்க் கோழி

என் வீட்டு ஐந்து உயிர்களுக்கு நான் போட்ட விலை இருபது ரூபாய். எண்பத்தெட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குமணன்சாவடி முனையில் கோழிக்காரன் எத்திராஜ் முப்பது சொன்ன உரித்த கோழியை இருபதுக்குக் கேட்டேன். "எட்த்துகினு போ அண்ணாத்தே" என்று உடனே கொடுத்துவிட்டான். ஜெயித்த குஷியில் அதை வீட்டில் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

கல்லாவில் உட்கார்ந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. நானே மளிகைக்காரன்; பூச்சி விழுந்த பருப்பைத்தான் பேரம் பேசாமல் தள்ளிவிடுவேன். ஊரிலோ கோழிச் சீக்கு. செத்ததை உரித்து விற்றிருப்பானோ?

வீட்டுக்கு ஓடினேன். குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "வசந்தா, யாரும் தொடாதீங்க! முதல்ல நான் சாப்ட்டுப் பாக்கறேன்."

"இன்னாய்யா, அவ்ளோ பசியா?" என்று என் மனைவி சிரித்தாள். "உப்பு பாக்கறப்பவே நான் ரெண்டு துண்டு தின்னுட்டேன். ஈரலைப் புள்ளைங்க மூணும் பிச்சிகினு போய்ட்ச்சிங்க."

தட்டை இழுத்து நானும் சாப்பிட்டேன். போனால் எல்லோரும் சேர்ந்தே போகட்டும். பிறகு நாள் முழுக்க ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, மீதிக் குழம்புக்குப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். தலைகளை எண்ணினேன். ஐந்தும் சரி. எத்திராஜுக்குத்தான் பத்து ரூபாய் பாக்கி.