ஒரு கண் திறந்திருந்த காட்சி

கண்ணாடிக் கடையில் அவளுக்கு அட்டவணை என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது. எதற்கெடுத்தாலும் கட்டம் போட்டுப் பார்க்கிற அவள் பழக்கத்தைக் கண்டு, லென்ஸ் வெட்டும் அண்ணன்தான் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். பிறகு முதலாளி வாயிலும் அதுவே வந்தது. பேய்ப்படப் பந்தயத்தைக் கிளப்பியதும் அண்ணன்தான். ஆனால் நாள்வாரியாகக் கட்டம் போடும் வேலை, கேட்பானேன், இவள் தலையில் விழுந்தது.

பந்தயம் இதுதான். ஒரு மாதம் முழுக்க, தினம் ஒரு பேய்ப்படம். அவரவர் வீட்டில், அவரவர் இஷ்டப்பட்ட படம். ஒருவர் பார்த்ததை இன்னொருவர் தொடக் கூடாது. காலையில் ஷட்டரைத் தூக்கியதும், முதல் வாடிக்கையாளர் வருவதற்குள், ஆளுக்கு ஒரு காட்சி சொல்ல வேண்டும். மற்றவர்களுக்குப் புல்லரிக்க வேண்டும். நடுவில் விட்டு ஓடுகிறவர் கடையில் இருக்கிற அத்தனை கண்ணாடி அலமாரியையும் ஒரு வருஷத்துக்குத் தனி ஆளாகத் துடைக்க வேண்டும். லென்ஸ் அண்ணனும் கவுன்ட்டர் அக்காவும் அவளும் சேர்ந்தார்கள். கண் பரிசோதிக்கும் மேடம் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். “நாள் பூரா இருட்டு ரூம்லதான் கிடக்கிறேன். எனக்குத் தனியா பேய் வேற வேணுமா?”

அவள் சேர்ந்திருக்கவே கூடாது. பல்லி விழுந்தால் பக்கத்துத் தெரு வரை கேட்கிற மாதிரி கத்துகிறவள். ஆனால் வேலைக்குச் சேர்ந்து பல மாதமாகியும் அந்த இரண்டு பேரின் சிரிப்புக்குள் அவளுக்கு இடம் கிடைத்திருக்கவில்லை. வேலை முடிந்து போகிற மாலைக் கல்லூரி வகுப்பிலும் கடைசி பெஞ்சு. ‘நானும்’ என்று சொல்லக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் அது. சொல்லிவிட்டாள்.

ராத்திரியில் பேய்ப்படம் பார்ப்பது நடக்காத காரியம். அதனால் விடிந்த பிறகு பார்த்தாள். ஆஸ்பத்திரியின் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்க்கும் அம்மா முதல் பஸ்ஸுக்குக் கிளம்பியதும், ஜன்னல் திரையை முழுசாக விலக்கி, வெயில் கூடத்தில் வந்து விழுந்த பிறகுதான் டிவியைப் போடுவாள். துணைக்கு அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். பஸ் கண்டக்டராக இருந்தவர். “நீ பாட்டுக்குப் பாரு பாப்பா. பேய் வந்தா டிக்கெட் எங்கேன்னு கேக்குறேன்” என்பார்.

அப்படியும் பயம் விடவில்லை. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிடுவாள். அவளுடைய பவருக்கு, கண்ணாடி இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட பேயும் கொடியில் காயும் வேட்டிதான்.

பார்க்காத படத்தில் காட்சி சொல்வது எப்படி? முதல் சில நாள் சத்தத்தை வைத்தே ஒப்பேற்றினாள்.

“கதவு கிறீச்சுன்னுச்சு அண்ணே.”

“சரி, அப்புறம்?”

“அப்புறம் யாரோ மூச்சு விட்டாங்க.”

“யாரு? மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

“அது... சரியா தெரியல.”

“நீ படம் பாத்தியா, ரேடியோ கேட்டியா?” என்றார் அண்ணன். அக்கா கவுன்ட்டரில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அலமாரி துடைக்கும் துணி யார் கைக்கு வரும் என்பது ஏறக்குறைய முடிவாகியிருந்தது.

மறுநாள் காலை, படத்தின் பாதியில் இசை சட்டென்று நின்றது. முடிந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்பா பக்கம் திரும்பினாள். முந்தின நாள் அவருக்கு டெப்போவில் நேரம் கழித்துத்தான் வேலை முடிந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்து தூங்கிவிட்டிருந்தார். இடது கண் மூடியிருந்தது. வலது கண் மூடாமல், பாதி இமைக்கடியில் வெள்ளை மட்டும் தெரிந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. மடியில் கிடந்த கை மட்டும் தூங்கவில்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் எதையோ கிழித்துக் கிழித்து நீட்டிக்கொண்டிருந்தன.

நாற்காலியோடு பின்னுக்குப் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். அது அப்பா என்று அவளுக்கு உறைப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் காது சுடும்.

போன வருஷம் ஒரு நாள் தூங்கி எழுந்தபோது அப்பாவின் முகத்தில் வலது பாதி தொங்கிப்போயிருந்தது. மருந்திலும் பயிற்சியிலும் பெரும்பகுதி திரும்பி வந்தது. கண் இமை மட்டும் முழுசாக இறங்க மறுத்துவிட்டது. மறுபடி பஸ்ஸில் ஏறிய வாரமே, பின் சீட்டில் ஒரு பையன் அவரைப் போல முகத்தைக் கோணிக் காட்ட, பஸ்ஸே சிரித்தது. அப்பா டெப்போவின் சாமான் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அதன் பிறகு டெப்போ, வீடு, இரண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கண்ணாடி. அவ்வளவுதான் அவர் நடமாட்டம்.

இதெல்லாம் தெரிந்தவள்தான், கடையில் ஷட்டரைத் தூக்கியதும் வாயைத் திறந்தாள்.

“ஒருத்தர் நாற்காலியில தூங்குறாரு அண்ணே. தூங்குறாருன்னுதான் நாம நினைப்போம். ஒரு கண்ணு மூடியிருக்கு. இன்னொண்ணு பாதி திறந்து வெள்ளை மட்டும் தெரியுது. வாய் ஒரு பக்கமா இழுத்திருக்கு. விரல் மட்டும் எதையோ கிழிச்சுக் கிழிச்சுக் குடுக்குது. யாருக்குக் குடுக்குதுன்னு பாத்தா, எதிர்ல யாருமே இல்ல.”

அக்கா கையிலிருந்த ஃபிரேமைக் கீழே போட்டாள். அண்ணன் தன் முன்கையை நீட்டிக் காட்டினார். ரோமமெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது. “அடிப்பாவி! இத்தனை நாள் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்த?”

அன்றைக்கு டீ நேரத்தில் அக்கா தன் பக்கத்து ஸ்டூலைக் காலால் தள்ளி, “உக்காருடி” என்றாள். அவளும் உட்கார்ந்தாள். டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

அண்ணன் அந்தக் காட்சியை விடவில்லை. கரண்ட் போனால், அக்கா சாமான் எடுக்கக் குனிந்தால், முதலாளி முதுகைக் காட்டினால், உடனே கழுத்தைச் சாய்த்து, வாயைக் கோணி, விரலால் கிழித்து நீட்டுவார். அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இவளும் சிரித்தாக வேண்டியிருந்தது.

காலம் பார்த்து அந்த வாரம்தான் அப்பா கடைக்கு வரச் சம்மதித்தார். அவருடைய கண் மூடாது என்பது மேடத்துக்கு முன்பே தெரியும், இவள்தான் சொல்லியிருந்தாள். “கூட்டிட்டு வாம்மா. பக்கவாட்டுல காத்து புகாம மூடின கண்ணாடி போடணும். காய விட்டா கருவிழியில புண்ணாயிடும்” என்று மேடம் சொல்லிக்கொண்டே இருந்தார். மாதக்கணக்கில் மாட்டேன் என்ற அப்பா, “சரி, உன் கடைதானே, வரேன்” என்றார்.

மேடம் லீவு என்றாள் அவள். அடுத்த வாரம் மெஷின் ரிப்பேர் என்றாள். அப்பாவின் கண் நாளுக்கு நாள் சிவந்துகொண்டு வந்தது. காலையில் அவர் அதைத் துண்டு முனையால் ஒற்றும்போது இவள் டிவிப் பக்கம் திரும்பிக்கொள்வாள். பந்தயம் முடியட்டும், அண்ணன் அந்தக் காட்சியை மறக்கட்டும், பிறகு கூட்டிப்போகலாம் என்று மனசுக்குள் கட்டம் போட்டு வைத்திருந்தாள்.

அப்பா காத்திருக்கவில்லை. ஒரு மத்தியானம், கடை காலியாகக் கிடந்த நேரத்தில், இஸ்திரி போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“நான் இந்தப் பாப்பாவோட அப்பா.”

“வாங்கப்பா, வாங்க!” என்று லென்ஸ் அண்ணன் தன் அறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே ஓடி வந்தார். “உங்க பொண்ணு சொன்ன கதையில எங்களுக்குத் தூக்கமே போச்சு!”

“பேய்ப்படமா? அதுக்கு நான்தானே துணை.”

“அப்ப அந்த நாற்காலி சீனைப் பாத்திருப்பீங்களே!”

அவள் “அண்ணே” என்றாள். அதற்குள் அண்ணன் ஸ்டூலில் சாய்ந்து, ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணைச் செருகி, வாயைக் கோணினார்.

“அது வரும்போது நான் தூங்கிட்டேன் போல” என்று அப்பா சிரித்தார்.

“விரலு, விரலு!” என்று அக்கா எடுத்துக் கொடுத்தாள். அண்ணன் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, கிழித்து, நீட்டினார்.

அப்பாவின் சிரிப்பு அப்படியே நின்றது. குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று தெரியவில்லை.

“ஆமா, ஞாபகம் வருது. பாத்தேன்” என்றார். “நல்ல சீன்தான் அது.”

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. “இல்ல அண்ணே. எந்தப் படத்துலயும் அது இல்ல” என்றாள். “அது எங்கப்பா.”

அண்ணனின் விரல்கள் நீட்டியபடியே இருந்தன. அப்புறம் அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அக்கா, யாரும் கேட்காமலே, மின்விசிறியை அப்பா பக்கம் திருப்பிவிட்டாள். தண்ணீர் கொண்டுவந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

மேடம் கண்ணைப் பார்த்துவிட்டு, கருவிழியில் கீறல் தொடங்கிவிட்டது என்றும், இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் சிக்கல் என்றும் சொன்னார். சொட்டு மருந்து கொடுத்தார். அளவெடுக்க வேண்டியவர் லென்ஸ் அண்ணன். கன்னத்துக்கும் ஃபிரேமுக்கும் இடைவெளி விழாமல் இருக்க, முகத்தை நேருக்கு நேர் பார்த்து அளக்க வேண்டும். அண்ணன் அப்பாவின் காதைப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், ஸ்கேலைப் பார்த்தார்.

“மூஞ்சியப் பாத்து எடுங்க தம்பி. கடிக்க மாட்டேன்” என்றார் அப்பா.

யாரும் சிரிக்கவில்லை.

முதலாளியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு அவளும் அவரோடு கிளம்பினாள். தெருமுனை திரும்பியதும் அப்பா கேட்டார்.

“நான்தான் சமாளிச்சேனே. எதுக்குச் சொன்ன?”

“நீங்க எனக்காகப் பொய் சொன்னது... மனசு கேக்கலப்பா.”

“உனக்கு மனசு கேக்கல. சொன்ன. உன் பாரம் இறங்கிடுச்சு. அது எங்க இறங்குச்சு தெரியுமா?” நடந்துகொண்டேதான் சொன்னார். “நான் உள்ள வந்தப்போ அந்தத் தம்பி என்னைப் பாத்து ஓடி வந்தான். வாங்கப்பான்னான். எத்தனை நாளாச்சு தெரியுமா, ஒருத்தன் என்னை அப்படிப் பாத்து? நீ சொன்னதுக்கு அப்புறம் என் காதைப் பாத்துட்டு அளவு எடுக்குறான். அந்தப் பொண்ணு எனக்கு ஃபேனைத் திருப்புது.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

“வேணாம். மன்னிப்பு கேட்டீன்னா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்.”

மறுநாள் அவள் யாரும் சொல்லாமலே துணியை எடுத்து அலமாரிகளைத் துடைக்க ஆரம்பித்தாள். பந்தயப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கண்ணாடி தயாராகி வந்தபோது வீட்டுக்குக் கொண்டுபோனாள். வலது பக்கம் விரல் நுழைகிற அளவு இடைவெளி. காற்று தாராளமாகப் புகும்.

“அளவு தப்பு” என்று அப்பா கழற்றிக் கொடுத்தார். “நான் மறுபடி அங்க வரல. ஸ்கேலை எடுத்துட்டு வந்து நீயே எடு.”

எடுத்து வந்தாள். கூடத்தில், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அவள் எதிரே குனிந்து, மூக்குத்தண்டில் ஸ்கேலை வைத்தாள். சிவந்த கண்ணில் நீர் கோத்திருந்தது. இத்தனை அருகில் அந்த முகத்தை அவள் பார்த்தே வெகுகாலமாகியிருந்தது. ஸ்கேல் நடுங்கியது.

“பயமா இருக்கா?”

“இல்லப்பா. வெக்கமா இருக்கு.”

“இருக்கட்டும்” என்றார். “கையை ஆட்டாம எடு.”