கிளட்ச் இல்லாத வண்டி

குடவாசலுக்குத் தெற்கே, கடைமடை வாய்க்காலை ஒட்டிய வயலில் அன்று காலை இரண்டு சின்ன டிராக்டர்கள் இறங்கி நின்றன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த கியர் வண்டி. இன்னொன்று கிளட்சே இல்லாத ஹைட்ரோ வண்டி. அதில் எண்ணெய் அழுத்தத்தால்தான் சக்கரம் சுற்றும். இரண்டிலும் சேற்றுக்கான இரும்புச் சக்கரம், பின்னால் மண்ணைக் கிளறிக் குழைக்கும் ரோட்டவேட்டர். வெள்ளிக்கிழமை என்பதால் டிராக்டர் கடைக்காரர் ஜாஃபர் சாதிக் ஜும்மா தொழுகைக்குள் ஊர் திரும்ப வேண்டும். ஒரு வண்டியை விட்டுவிட்டு மற்றதை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். எதை விடுவது என்று வயல்காரி சுடர்விழிதான் சொல்ல வேண்டும்.

வண்டி வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. வருஷா வருஷம் முறைத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிடும். வாடகை டிராக்டர் வராது. ஆம்பளை இல்லாத வீட்டு வயல் என்றால் ஊரெல்லாம் உழுதுவிட்டுத்தான் அவள் வரப்புக்கு வருவார்கள். அதற்குள் தண்ணீர் வற்றி மண் இறுகிக் கிடக்கும்.

அவளைப் போட்டு ஆட்டியது புருஷன் பரிதியின் பேச்சு. துபாயில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் வண்டி ஓட்டுகிறான். விசா, லீவு, முதலாளி என்று ஏதாவது சொல்லி ஊருக்கு வராமலே காலம் கடத்தியவன், போன மாதம் தானாகவே சொன்னான்: "வண்டி ஒண்ண வாங்கு. நான் ஒரேயடியா வந்துர்றேன்." அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில். மறுநாளே இன்னொன்றும் சொன்னான்: "ஹைட்ரோ வண்டிதான். கியர் வண்டின்னா நான் அங்க வந்து என்ன பண்றது?" ஏதோ பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டாள்.

அவனுக்கும் இன்று விடுமுறை. வீடியோ அழைப்பில் இருந்தான். பக்கத்து வயல்காரி அம்சம் போனை உயர்த்திப் பிடித்து வயலைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கண்ணு தெரியுதா? இல்ல அங்க புல்லையே பாத்துப் பாத்துச் சேறு மறந்து போச்சா?"

"தெரியுதுக்கா. கொஞ்சம் ஆடாமப் பிடிங்க."

ஜாஃபர் சாதிக் ஹைட்ரோ வண்டியைக் காட்டினார். "இங்க பாருங்கம்மா, வலது காலு நுனிய அழுத்துனா முன்னாடி போவும். குதிகால அழுத்துனா பின்னாடி வரும். கால எடுத்தா நின்னுரும். மிதிக்கக் கிளட்சு இல்ல, எடது காலுக்கு வேலையே இல்ல."

"அப்ப ஒத்தக்கால் இருந்தாப் போதும்னு சொல்லுங்க பாய்!" என்று அம்சம் சிரித்தாள்.

போனில் இருந்து சத்தமே வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று அம்சம் உலுக்கிப் பார்த்தாள்.

சுடர்விழி ஏறி உட்கார்ந்தாள். கியர் வண்டி அவள் ஏற்கெனவே கொஞ்சம் ஓட்டிப் பழகியது; அதில் கிளட்சை மிதிப்பதும் விடுவதும் இன்னும் பிடிபடவில்லை. இது தண்ணீரில் வாத்து போவது போலப் போனது. வரப்போரம் குதிகாலை அழுத்தினாள், பின்னால் வந்தது. இரண்டு சுற்றில் கை பழகிவிட்டது.

"ஏங்க, நீங்க சொன்னது சரிதாங்க!" என்று கத்தினாள்.

"சொன்னேன்ல!" அவன் குரலில் அப்படி ஒரு குதூகலம்.

மூன்றாவது சுற்றில் வயலின் தாழ்ந்த மூலைக்குப் போனாள். அங்கே களிமண், முழங்கால் ஆழம். வண்டி ஊளையிட்டது. அழுத்தி மிதித்தாள். வேகம் கூடவில்லை, இன்னும் குறைந்தது.

"மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க!" ஜாஃபர் சாதிக் வரப்பில் ஓடிவந்தார். "மிதிக்க மிதிக்க இழுவை போயிரும். கால லேசா எடுங்க."

எடுத்தாள். நத்தை மாதிரி ஊர்ந்து மேலே வந்தது. மறுபடியும் போனாள். நாலைந்து தடவை ஆனதும் மேட்டில்கூட வண்டிக்குத் தெம்பில்லை. எண்ணெய் சூடான வாடை வந்தது.

"என்ன பாய் இது?"

அவர் தலையைச் சொறிந்தார். "பொய் சொல்லி விக்க மாட்டேம்மா. தென்னந்தோப்பு, வாழைக்கொல்லை, புல்லு வெட்டு, அதுக்கெல்லாம் இது ராசா. அஞ்சு நிமிஷம் சேத்துல இறங்கும். நாள் பூரா இந்தக் களியில மல்லுக்கட்டுனா எண்ணெய் காஞ்சு சோந்துரும்."

"நெழல்ல நிறுத்தி ஆறவிட்டு ஓட்டு, சுடரு," போனில் பரிதி அவசரமாகச் சொன்னான். "பாதி பாதியா அடி. நான் வந்து அடிச்சுக்கறேன்."

"வண்டி ஆறுற வரைக்கும் தண்ணி நமக்காக நிக்குமா? நாளைக்குத் தண்ணிய அடுத்த வாய்க்காலுக்கு மாத்திருவாங்க."

அவள் இறங்கிக் கியர் வண்டியில் ஏறினாள். கிளட்சைச் சட்டென்று விட்டதில் ஒருமுறை குலுங்கி அணைந்தது. அம்சம் "ஆத்தாடி!" என்றாள். இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. தாழ்ந்த மூலைக்குள் இறங்கி, சேற்றைக் குழம்பாக்கிக்கொண்டு, ஒரே சீராக மறுபுறம் ஏறியது. மறுபடி இறங்கியது. மறுபடி ஏறியது.

அம்சம் கைதட்டினாள்.

சுடர்விழி வண்டியை நிறுத்திவிட்டு, போனை வாங்கிக்கொண்டு வாய்க்கால் பக்கம் தனியாகப் போனாள்.

"பாத்தீங்கல்ல?"

"கியர் வேணாம் புள்ள. சொன்னாக் கேளு."

"இதே மூலையில ஊர்ல எவனும் இறங்காதப்ப, கூலிக்கு அடுத்தவன் வண்டிய இறக்கி ஏத்துனவரு நீங்க. இப்பப் பாத்ததும் தெரியலையா உங்களுக்கு?"

"எனக்குக் கியர் ஒத்துவராது. விடு."

"எப்பலேந்து?"

இத்தனை காலமும் வீடியோவில் அவன் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஒருநாள்கூட அவன் நடந்துகொண்டே பேசியதில்லை. அம்சம் சிரித்ததும், அதற்குப் பிறகு போன் ஊமையானதும் நினைவுக்கு வந்தன.

"இடது காலக் காட்டுங்க."

"என்ன பேச்சு இது..."

"காட்டுங்கன்றேன்."

திரையில் இரும்புக் கட்டில், மின்விசிறி, யாருடைய லுங்கியோ ஓடின. அப்புறம் கால். கணுக்கால் இரும்புக் கம்பி போல நேராக நின்றது. சுற்றிலும் தையல் தழும்பு.

"மடங்காது," என்றான். "மைதானத்துச் சரிவுல புல்லு வண்டி பொரண்டு மேல விழுந்துச்சு. நீ நடவுல இருந்த நேரம். சொன்னா அங்கேயே போட்டது போட்டபடி அழுதுகிட்டு நிப்பன்னு சொல்லல."

"அப்புறம் எப்படிங்க வேலைக்கு வச்சிருக்கான்?"

"புல்லு வண்டியும் ஹைட்ரோ தானே. வலது காலு போதும்." திரையில் மறுபடி அவன் முகம் வந்தது. "இந்த ஒரு சீட்டுலதான் புள்ள நான் மனுசன். எறங்கிட்டா ஒண்ணுமில்ல. அந்த மாதிரி சீட்டு ஒண்ண நம்ம வயல்ல போட்டுட்டா வந்துரலாம்னு பாத்தேன்."

தூரத்தில் ஜாஃபர் சாதிக் லாரிப் பலகையை இறக்கி வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். ஹைட்ரோவை வைத்துக்கொண்டால் புருஷன் வருவான். வந்து அந்த மூலையில் ஊர் பார்க்கச் சிக்கிக்கொண்டு நிற்பான். கியரை வைத்துக்கொண்டால் வயல் விளையும். அவன்?

லாரிப் பக்கம் திரும்பினாள்.

"பாய், கியர் வண்டி இருக்கட்டும். ஹைட்ரோவ ஏத்திக்குங்க."

போனில் அவனுக்கும் அது கேட்டுவிட்டது. "சரி," என்றான்.

"நான் ஓட்டறேன். நீங்க வாங்க."

"வந்து? பொண்டாட்டி உழுவறத வரப்புல உக்காந்து வேடிக்கை பாக்கவா? ஊரு சிரிக்கும்."

"இத்தினி நாளா ஊரு எனக்கு உழுது குடுத்துச்சா? சிரிச்சாச் சிரிக்கட்டும்."

"பாக்கலாம்."

"எதப் பாக்கலாம்?"

"லீவு கேட்டுப் பாக்கலாம்."

"ஒரேயடியா வரேன்னீங்க. இப்ப லீவா?"

"தண்ணி நிக்கும்போதே அடிச்சிரு. போன வை," என்றான்.

ஹைட்ரோ வண்டி பலகையில் குலுங்காமல் ஏறி லாரிக்குள் போய் நின்றது. ஜாஃபர் சாதிக் கயிற்றைக் கட்டினார். லாரி போனதும் சுடர்விழி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு கியர் வண்டியில் ஏறினாள். மூலை வரை போய்த் திரும்பும்போது அம்சம் வரப்பிலிருந்து கூவினாள்.

"ஏய், வண்டிதான் வந்தாச்சே! தம்பி எப்ப வருதாம்?"

சுடர்விழி கிளட்சை மிதித்தாள். வண்டி சேற்றில் நின்றது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இடது காலைக் கிளட்சிலிருந்து எடுக்காமல் அம்சத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"வருவாருக்கா," என்றாள். சத்தத்தில் அம்சத்துக்குக் கேட்டிருக்காது.