சீனிமுகம்மது காக்கா எரித்த கல்

என் மனைவியின் தம்பி அபூசாலிக்குக் கதைக்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. எண்பத்துநாலாம் ஆண்டு, கப்பல் குசினியில் சமையல் வேலை பார்த்துவிட்டு மருதமுனைக்கு வந்திருந்தான். சாயப்பட்டறை சீனிமுகம்மது காக்காவின் மகள் சுல்பிகா மேல் அவனுக்கு மூன்று வருடத்து விருப்பம். நாயாய் அலைந்து, ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையைக் காட்ட நாள் எடுத்தவன் நான். இது தவறினால் அவன் மறுபடி கப்பலேறிவிடுவான். என் மனைவி என்னை உயிரோடு விடமாட்டாள்.

போகும் வழியெல்லாம் சொன்னேன். "கேட்டதுக்கு ஓமெண்டு மட்டும் சொல்லு. மிச்சத்த நான் கதைக்கிறன்."

"ஓம் மச்சான்" என்றான்.

காக்கா வீட்டில் இனிப்புக்கு வட்டிலப்பம் வந்தது. காக்கா கேட்டார்: "தம்பி கடைசியாப் போன இடம் எது?"

"ஸ்வால்பார்ட், மாமா. வடதுருவத்துக்குக் கிட்ட, நோர்வேக்காரன்ட தீவு. நிலக்கரி ஏத்தப் போன."

அதோடு விட்டிருக்கலாம். விடுவானா? எண்பது வருடத்துக்கு முன் ஒரு அமெரிக்கன் தோண்டத் தொடங்கினானாம். பத்து வருடத்தில் நோர்வேக்காரன் அதை வாங்கினானாம். பிறகு பக்கத்திலேயே ரஷ்யாக்காரனும் தோண்டினானாம். அங்கே சுரங்கத்துக்குள் போக மலையில் ஏறவேண்டுமாம். வெட்டிய கரி, கம்பியில் தொங்கும் வாளிகளில் கடற்கரைக்கு இறங்குமாம். உலக யுத்தத்தில் ஜேர்மன்காரன் சுட்டதில் ஒரு சுரங்கம் தீப்பிடித்து, மலைக்கு உள்ளே இருபது வருடம் போல எரிந்ததாம்.

காக்காவின் கரண்டி நின்றது. "பனிமலைக்குள்ள நெருப்பு?"

"ஓம் மாமா. ஆதிகாலத்துல அங்க காடு. அந்த மரந்தான் கரியாப் போன."

நான் அவன் காலை மிதித்தேன். காலை இழுத்துக்கொண்டு தொடர்ந்தான். "ஹோட்டலுக்குள்ள போறண்டாலும் சப்பாத்தக் கழட்டி வெச்சிட்டுத்தான் போவாங்க. கரித்தூசிக்குப் பயந்து பழகின பழக்கம்."

"அது நல்ல பழக்கம்" என்றார் காக்கா. எனக்கு உயிர் வந்தது. அவர் வட்டிலப்பத்தை மறுபடி எடுத்தார். "நீங்க போன நேரம் நோன்பு மாசமெல்லுவா? புடிச்சீங்களா?"

"ஒண்டும் விடல்ல மாமா."

அங்கே வாயை மூடியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். "ஆனா, அந்த மாசம் அங்க சூரியன் விழாது மாமா. வானத்தச் சுத்திச் சுத்தி வரும். அதால மணிக்கூட்ட மாத்தாம நம்மட ஊர் நேரத்துக்கே புடிச்சன். இஞ்ச பொழுதுபட்டு மஃரிப் எண்டா அங்க பகல் மூணு மணி. அப்ப நோன்பு துறந்து சாப்பிடுவன்."

காக்கா தட்டை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பகல் மூணு மணிக்கு, சூரியன் பாத்துக்கிட்டிரிக்க, நோன்பு துறந்தாராம். ஆரக் கூட்டி வந்திரிக்கீங்க? பொய்க்கும் ஒரு அளவு வேணாமா?"

அபூசாலியின் முகம் செத்துப்போயிற்று. எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு அறை அறையலாம் போலவும் இருந்தது. அவன் பையைத் திறந்து, சாரனில் சுற்றியிருந்த ஒரு கறுப்புக் கட்டியை மேசையில் வைத்தான். தேங்காயளவு இருக்கும்.

"அங்க எடுத்த கரி மாமா."

எங்களுக்குக் கரி என்றால் சிரட்டைக்கரி. ஊதினால் பறக்கும். இது உடைந்த அம்மித்துண்டு மாதிரிக் கனத்தது. "இது கல்லு" என்றார் காக்கா. "கல்லு எரியுமா?"

"எரிச்சுப் பாருங்களே வாப்பா." திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து சுல்பிகாவின் குரல். "எரியல்லெண்டா அனுப்பிருங்க. எரிஞ்சா மிச்சமும் மெய்யா இரிக்கலாம்தானே."

வீட்டோடு ஒட்டிய பட்டறையில் சாயக்கிடாரம் கொதித்துக்கொண்டிருந்தது. காக்கா அடுப்புக்குள் கல்லைத் தள்ளினார். பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அபூசாலியின் உதடு துஆ ஓதிக்கொண்டிருந்தது. பிறகு கரும்புகை கிளம்பி, கொடியில் காய்ந்த வெள்ளை நூல் முழுவதிலும் படிந்தது. அதன் பின்னால் தீ. கல் எரிந்தது. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரை எரிந்தது. சுல்பிகா வாசல் வரை வந்து நின்று சிரித்தாள்.

குந்தியிருந்த காக்கா நூலைத் திரும்பியும் பார்க்கவில்லை. "கல்லே எரியுதெண்டா, சூரியன் நிண்டா என்ன? நோன்பு அவருக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில" என்றார். ஆனால் வாக்குக் கொடுக்கவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

மறுநாள் காலை கல்முனைச் சந்தைத் தேநீர்க் கடையில், பொறுக்கமுடியாமல், அவரே எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். எரியும் கல், ஏறிப்போகும் சுரங்கம், விழாத சூரியன். கடையே சிரித்தது. "எங்க காக்கா அந்தக் கல்லு?" என்று கேட்டார்கள். எரித்துவிட்டேன் என்றதும் இன்னும் சிரித்தார்கள். மூன்று நாளில் அவருக்குத் 'துருவத்துக் காக்கா' என்று பட்டம் விழுந்தது. மானமுள்ள மனிதர், சோறு இறங்கவில்லையாம்.

நாலாம் நாள் என் வீட்டுக்கு வந்தார். "நிக்காஹ்வ இந்த மாசமே வெச்சிருவம். ஆனா ஒண்டு, மாப்பிள்ள இனிக் கப்பலேறப்படாது. நம்மட ஊட்டோட இரிக்கணும்." மாப்பிள்ளை பெண்வீட்டில் இருப்பது எங்கள் வழக்கம்தான். ஆனால் சாட்சி ஊரைவிட்டுப் போகாமலிருக்க மகளைக் கொடுத்தவர் எங்கள் பகுதியில் அவர் ஒருவர்தான்.

நிக்காஹ் அன்றும் வழியெல்லாம் அபூசாலியைக் கெஞ்சினேன். "இண்டைக்காவது வாயப் பொத்திக்கிட்டு இரி." சிரித்தவர்கள் எல்லோரையும் காக்கா தேடித்தேடி அழைத்து, முன்வரிசையில் இருத்தியிருந்தார். நிக்காஹ் முடிந்து விருந்துச் சஹன் வைக்கும் முன்னர் எழுந்து நின்றார்.

"மருமகன், இவங்களுக்கு நல்லா விளங்கச் சொல்லுங்க. அங்க சூரியன் விழாதுதானே?"

முன்வரிசை முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. அபூசாலி என்னைப் பார்த்தான். வாழ்நாளில் முதல்தடவையாக என் பேச்சைக் கேட்டான்.

"ஓம் மாமா" என்றான். அதற்குமேல் ஒரு சொல் கதைக்கவில்லை.