பக்கத்துத் தோட்டத்து ஆண்மரம்

மனித குலம் தேறாது என்பது என் கட்சி. நாற்பது வருடமாக அதே கட்சியில்தான் இருக்கிறேன். காலையில் தேநீர்க் குவளையைக் கையில் எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறேன் என்று என் மனைவி ஃபித்தா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். சொல்லட்டும். ஹமா நகருக்கு வடக்கே எங்கள் ஊர் மாதிரி ஒரு பிஸ்தா கிராமத்தில் பிறந்து, இந்தப் பதினான்கு வருடச் சண்டையையும் பார்த்தவன் வேறு எந்தக் கட்சியில் போய்ச் சேருவான்?

ஃபித்தா எதிர்க்கட்சி. ஆனால் வாதம் செய்ய மாட்டாள். அதுதான் எனக்கு எரிச்சல். "சரி, உலகம் அழியட்டும். அதுக்கு முன்னாடி அந்த மண்வெட்டிக்கு ஒரு காம்பு போட்டுக் குடு" என்பாள். நான் திட்டிக்கொண்டே காம்பு போட்டுக் கொடுப்பேன்.

ஐந்து வருடம் எல்லையோர முகாமில் கூடாரத்தில் கிடந்துவிட்டு, போன குளிர்காலத்தில்தான் ஊர் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை. நூற்றிருபது பிஸ்தா மரங்களில் நாற்பத்து மூன்று நின்றன. மற்றதை வெட்டிக்கொண்டு போனவன் எவன் என்று கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. கண்ணிவெடி எடுப்பவர்கள் வந்து தோட்டத்தைச் சலித்து, ஓரத்துக் கற்களுக்கு வெள்ளை பூசிவிட்டுப் போனார்கள். வெள்ளைக் கல்லுக்கு இந்தப் பக்கம் நடக்கலாம்.

எங்கள் ஒரே மகள் நஜ்லா துருக்கியில், மெர்சினில் இருந்தாள். அவள் பேரை வைத்துத்தான் ஊர் என்னை அபூ நஜ்லா, ஃபித்தாவை உம் நஜ்லா என்று கூப்பிடும். புருஷனுக்குத் தையல் பட்டறையில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள். இரண்டும் அங்கேயே பிறந்தவை. அவள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள். இந்த வருடம் மரம் காய்த்தால் நாங்கள் வந்துவிடுகிறோம். காய்க்காவிட்டால் நிலத்தைத் தள்ளிவிட்டு நீங்கள் இங்கே வாருங்கள். ஃபித்தா உடனே ஒப்புக்கொண்டாள். பேத்திகளை அவள் போன் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறாள். சின்னவளுக்கென்று அந்தக் கண்ணாடியில் முத்தம் கொடுத்துக் கொடுத்து அது எப்போதும் மங்கலாகவே இருக்கும்.

ஏப்ரலில் நாற்பத்து மூன்று மரமும் பூத்தன. ஐந்து வருடம் ஒருவரும் தண்ணீர் காட்டாத மரங்கள் அப்படிப் பூத்ததைப் பார்த்து நானே கொஞ்சம் வாயடைத்துத்தான் போனேன். ஃபித்தா காலையிலிருந்து மரத்துக்கு மரம் நடந்துகொண்டிருந்தாள். மேற்கிலிருந்து நல்ல காற்று. திடீரென்று நின்றாள். தலையிலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்தாள், என் முன்னால் உதறினாள்.

"என்ன தெரியுது?" என்றாள்.

"ஒண்ணும் தெரியலையே."

"அதைத்தான் கேக்கறேன். தூள் எங்கே?"

பிஸ்தாவில் ஆண் வேறு, பெண் வேறு. ஆண்மரம் ஒரு காய்கூடத் தராது. ஏப்ரலில் ஐந்தாறு நாள் மஞ்சள் தூளைக் காற்றில் விடும், அவ்வளவுதான் அதன் வேலை. அந்தத் தூள் படாவிட்டால் பெண்மரத்தில் காய் வரும், உள்ளே பருப்பு இருக்காது. வெறும் ஓடு. அந்த நாட்களில் தோட்டத்தில் ஒரு சுற்று சுற்றி வந்தாலே பெண்களின் கறுப்புத் துணியெல்லாம் மஞ்சளாகிவிடும். அவள் கையிலிருந்த துணி, கடையில் வாங்கின அன்று இருந்த மாதிரி சுத்தமாக இருந்தது.

எனக்கு நினைவு வந்தது. ஊரை விட்டு ஓடுவதற்கு முந்தின குளிர்காலம். எரிக்க எண்ணெய் இல்லை. காய்க்கிற மரத்தில் கோடரி வைக்க எனக்கு மனசு வரவில்லை. உலகம் முடிந்தது என்று நம்புகிறவனுக்கும் அது வரவில்லை, பாருங்கள். அதனால் காய்க்காததை வெட்டினேன்.

"மூணையாவது விட்டு வைன்னு சொன்னேனே, அபூ நஜ்லா. எத்தனை விட்டே?"

"ஒண்ணும் விடல."

"எட்டையுமா?"

"கஸ்வான் தோட்டத்துல ஆறு நிக்குதே, காத்துக்கு வேலி ஏது, அது போதும்னு நினைச்சேன்."

கஸ்வான் பக்கத்துத் தோட்டக்காரன், என் பால்ய நண்பன். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் வெள்ளைக் கற்களை ஒட்டி வந்துகொண்டிருந்தான். முகம் சரியில்லை.

"அபூ நஜ்லா, உன் ஆண்மரமெல்லாம் எந்த வரிசைல இருந்துச்சு? கண்ணுலயே படலையே."

"உன்னோடது எங்கே?"

"என்னோடதை அந்தக் குளிர்லயே எரிச்சுட்டேன். உன்னோடது எட்டு இருக்கேன்னுதான்."

மதியத்துக்குள், ஊர் திரும்பியிருந்த பதினோரு வீட்டுக்காரர்களும் எங்கள் கூரையில்லாத வீட்டில் கூடிவிட்டார்கள். ஒருவன் தலையைச் சொறிந்தபடி ஒத்துக்கொண்டான், அடுத்தவன் ஒத்துக்கொண்டான். ஊருக்கே ஓர் ஆண்மரம்கூட மிச்சமில்லை. ஒவ்வொருவனும் பக்கத்துத் தோட்டத்தை நம்பித் தன் மரத்தை வெட்டியிருக்கிறான்.

எனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்குமா? எழுந்து நின்றேன். "பாத்துக்கங்க. இதுதான் மனுஷன். இன்னிக்கு நேத்து இல்ல, இனிமே வரப்போறவனும் இப்படித்தான். மரத்துல மட்டுமில்ல, தண்ணியில, காத்துல, எல்லாத்துலயும் அடுத்தவன் வச்சிருப்பான்னு நினைச்சே இந்த இனம் அழியப்போகுது." இன்னும் நிறைய வைத்திருந்தேன்.

"முடிஞ்சுதா?" என்றாள் ஃபித்தா. "வண்டியில எண்ணெய் இருக்கா?"

"எதுக்கு?"

"கிழக்கே குளிர் ஜாஸ்தி. பூ ரெண்டு நாள் பிந்தித்தான் வரும். அங்கே ஆண்பூ இருக்கும்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். கிழக்கே குன்றுக்கு அந்தப் பக்கத்து ஊர் என்றால், சண்டையில் எங்களுக்கு எதிர்ப்பக்கம் நின்ற ஊர். எங்கள் கூரையைக் கொண்டுபோன குண்டு அந்தக் குன்றுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. "உம் நஜ்லா, அவங்ககிட்ட போய் நாம நிக்கறதா?" என்றான் கஸ்வான்.

"நிக்க வேணாம். நீங்கல்லாம் உக்காந்தே இருங்க. நான் போறேன்" என்றாள்.

அவளைத் தனியாக விடமுடியுமா? மூன்று சக்கர வண்டியை நான்தான் ஓட்டினேன். வழி நெடுக, என்னவெல்லாம் நடக்கும் என்று அவளுக்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவள் காலிச் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஊருக்குள் நுழைந்ததும் முதல் வீட்டு வாசலில் என் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அபூ முத்லக் என்று பேர் சொன்னார். அவர் வீட்டுக்குப் பின்னால் பெரிய ஆண்மரங்கள் ஐந்து, பூத்து மஞ்சளாக நின்றன. நான் சலாம் சொல்லி, நலம் விசாரித்து, மெதுவாக விஷயத்துக்கு வரலாம் என்று பார்த்தேன். ஃபித்தா வண்டியிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிட்டாள்.

"ஆண்பூ வேணும். எங்க ஊர்ல ஒரு ஆண்மரம்கூட இல்ல."

"ஒண்ணுகூடவா? எப்படி?"

"முட்டாள்தனம். ஆளாளுக்கு அடுத்தவன் வச்சிருப்பான்னு நினைச்சு வெட்டிட்டாங்க."

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து மருமகள்கள் ஓடி வந்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நானும் அதையேதான் செஞ்சிருப்பேன், தங்கச்சி. அந்தக் குளிர்ல எவனோ என் கோடரியைத் திருடிட்டுப் போயிட்டான். கடன் கேட்டா குடுக்க ஆளில்ல. அதனால நிக்குது."

இதைக் கேட்டதும் நான் ஃபித்தாவை ஜாடையாகப் பார்த்தேன். ஒரு திருடன் புண்ணியத்தில்தான் எதிர்காலம் நிற்கிறது, பார்த்தாயா என்று. அவள் கண்டுகொள்ளவில்லை. அபூ முத்லக் அந்த வயதில் தானே மரம் ஏறினார். மருமகள்கள் கீழே போர்வை விரித்துப் பிடித்தார்கள்.

"எத்தனை மரத்துக்கு?" என்று மேலேயிருந்து கேட்டார்.

"ஊர் முழுசுக்கும்" என்றாள்.

ஆறு சாக்கு கொத்துக்கொத்தாக ஆண்பூ. கட்டி ஏற்றிய பிறகு, வண்டியின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் கொஞ்சநேரம் நின்றார். குன்றைப் பார்த்தார். "அந்த நாள்ல இங்கேருந்து... உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?"

நான் வாயைத் திறந்தேன். ஃபித்தா முந்திக்கொண்டாள். "கூரை போச்சு. போட்டுக்கலாம்."

அவர் தலையாட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம், முப்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இவள் யார் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன்.

பூக்களைத் தாள்மேல் பரப்பி உலர்த்தி உதறியதில் ஆறு சாக்குக்கு இரண்டு கிண்ணம் தூள் தேறியது. அதை மாவோடு கலந்து வீசவேண்டும். மாவு என்றால் ரொட்டி மாவு, வீட்டில் அளந்து அளந்து எடுக்கிற சாமான். பதினோரு வீட்டிலிருந்தும் கேட்காமலே கிண்ணம் கிண்ணமாக வந்தது. ஃபித்தா தன் மெல்லிய துணியைக் கிழித்துப் பைகள் தைத்தாள். நீளமான நாணல் கழிகளின் முனையில் கட்டினோம். மூன்று நாள் காலை, காற்று எழும் நேரத்தில் ஊரே கழியும் கையுமாக மரங்களுக்குமேல் தட்டியது. யார் மரம் எது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கஸ்வான் மீசையெல்லாம் மாவு. மூன்றாம் நாள் ஃபித்தா என் முன்னால் வந்து துணியை உதறிக் காட்டினாள். மஞ்சள். நான் கழியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.

மே மாதம் எல்லா மரத்திலும் காய் தொங்கியது. ஆனால் தூள் படாவிட்டாலும் அப்படித்தான் தொங்கும். உள்ளே பருப்பு பிடித்ததா என்று ஜூன் கடைசியில்தான் தெரியும். அந்த நாள் வந்ததும், ஃபித்தா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து ஒரு காயைப் பறித்துப் பிளந்தேன்.

காலி. வெறும் ஓடு.

விவரம் தெரிந்தவன் பத்துக் காயாவது பிளந்து பார்ப்பான். நல்ல மரத்திலும் பத்தில் இரண்டு காலியாக இருக்கும். எனக்கு அது தெரியும். ஆனால் இரண்டாவது காயைப் பிளக்கக் கை வரவில்லை. ஓட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அப்போது பார்த்து நஜ்லாவின் போன்.

"யாபா, பட்டறையில இன்னிக்கே பதில் கேக்கறாங்க. வாடகை வீட்டுக்காரரும் கேக்கறாரு. வேலையை விட்டுட்டு வீட்டையும் காலி பண்ணினா திரும்ப கிடைக்காது. யும்மாகிட்ட கேட்டேன். உங்கப்பாகிட்ட கேளுன்னு சொல்லிட்டாங்க. நீங்க எப்பவும் கெட்டதையே சொல்ற ஆளு. நீங்க வான்னு சொன்னா நான் நம்புவேன். வரட்டுமா?"

பையிலிருந்த ஓட்டைத் தொட்டுப் பார்த்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும். நாற்பது வருடமாக எல்லோருக்கும் சொல்லிவந்ததைத்தானே சொல்லவேண்டும்? ஆனால் கண்முன்னால் மாவு அப்பிய பதினோரு வீட்டு முகங்களும், அந்த வயதில் மரமேறியவரும், கூரை போச்சு, போட்டுக்கலாம் என்றவளும் வந்து நின்றார்கள்.

"வா" என்றேன். "காய் நல்லா பிடிச்சிருக்கு. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா."

என் வாழ்க்கையில் மகளிடம் சொன்ன முதல் பொய் அது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நஜ்லா ஜூலை கடைசியில் புருஷனோடும் பேத்திகளோடும் நாலு மூட்டையோடும் வந்து இறங்கினாள். சின்னவள் ஃபித்தாவின் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வீட்டில் ஒரே சிரிப்பு. நான் தோட்டத்துக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். ஃபித்தாவும் முன்பு மாதிரி போகவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

பிஸ்தா முற்றினால் ஓடு தானாக வெடிக்கும். பருப்பு உள்ளேயிருந்து பெருத்துத் தள்ளினால்தான் வெடிக்கும். காலி ஓடு என்றைக்கும் வெடிக்காது. விடியற்காலைக் குளிர்ச்சியில் அந்தச் சத்தம் கேட்கும். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஒரு நாள் விடியலில் படுக்கையில் ஃபித்தா இல்லை. தேடிக்கொண்டு போனேன். முதல் வரிசைக்கு முன்னால் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்தாள்.

டிக். எங்கோ ஓர் உச்சிக்கிளையில். அப்புறம் நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டாம் வரிசையில் ஒன்று, எங்கள் தலைக்குமேல் ஒன்று, கஸ்வான் தோட்டத்தில் இரண்டு மூன்று, அப்புறம் எண்ணமுடியாமல் தோட்டம் முழுக்க டிக் டிக்கென்று வெடித்தது.

நான் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். பையிலிருந்த காலி ஓட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். "ஜூன்ல பிளந்தேன். காலி. அது தெரிஞ்சும் அவளை வரச் சொல்லிட்டேன், ஃபித்தா."

அவள் அதை வாங்கிப் பார்த்தாள். பிறகு தலைத்துணியின் முனையில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே இன்னொரு காலி ஓடு இருந்தது.

"நானும் ஒண்ணுதான் பிளந்தேன். அடுத்ததைப் பிளக்க தைரியம் வரல" என்றாள். "அதான் அவளை உன்கிட்ட கேக்கச் சொன்னேன்."

"என்கிட்டயா? நான் வராதேன்னு சொல்லிருந்தா?"

"நீ சொல்லுவேன்னுதான் நினைச்சேன். என் வாயால அதைச் சொல்ல முடியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்கிட்ட நம்பிக்கை தீர்ந்துபோச்சு, அபூ நஜ்லா. உன் தோட்டத்துல ஒண்ணு நிக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அதற்குள் வீட்டுப் பக்கமிருந்து பேத்திகளின் குரல் கேட்டது. இது என்ன சத்தம் என்று நஜ்லாவிடம் கேட்டுக்கொண்டே வந்தார்கள். ஃபித்தா துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"அபூ முத்லக்கிட்ட ஆண்மொட்டு கேட்டிருக்கேன். சாயங்காலம் வண்டியை எடு. ஓரத்து மரத்துல நாலுக்காவது ஒட்டுக் கட்டணும்."

"அது பூக்க அஞ்சு வருஷம் ஆகுமே" என்றேன், பழக்கதோஷத்தில்.

சொல்லிவிட்டுக் கத்தியைத் தீட்டப் போனேன்.